ஊசி மகளுக்கு, பரிசோதனை உங்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்படி வேலையை முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். ஆண் பிள்ளைகளும் படிக்க வேண்டும். "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். "டீச்சர், என் மகளுக்கு 13 வயசு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்க ஊசி இருக்காமே, போடலாமா? எங்க அத்தை அதைப் போட்டா பிள்ளை பிறக்காதுன்னு சொல்றாங்க." கூடவே யாரோ பேசிய ஆடியோ ஒன்றையும் அனுப்பியிருந்தாள்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, 36 வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். ஆனால் படித்துப் பார்க்காமல் எந்தப் பாடத்தையும் நடத்தியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பாடத்தைப் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அவளுக்கு நான் எழுதிய பதில்: "மகளுக்குத் தாராளமாகப் போடு. ஆனால் உன்னைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லையே. உனக்கு இப்போது 38 வயது. நீ பரிசோதனை செய்துகொண்டாயா?"

பதில் வரவில்லை. நீல டிக் மட்டும் விழுந்தது. அந்த மௌனத்துக்காகத்தான் இதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நோய் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

இதற்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் வரும் மரு கூட இந்தக் குடும்பத்தின் வேலைதான். அவற்றில் ஏறத்தாழ 14 வகைகள் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை. 16, 18 என்று எண் கொடுக்கப்பட்ட இரண்டு வகைகள்தான் உலகில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஏழுக்குக் காரணம். இந்தத் தொடர்பை 1980-களில் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது தாம்பத்திய உறவில் தொற்றுகிறது. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை, படிக்க உங்களுக்கும் வேண்டாம். தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் ஆண்கள், பெண்கள் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்துபோகிறது. எந்த அறிகுறியும் இருக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். மிச்சமிருக்கும் சிலருக்குத்தான் அது கர்ப்பப்பை வாயில் தங்கி, அங்குள்ள செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும். எச்.ஐ.வி. தொற்று போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் ஆகலாம்.

இந்த 15 வருஷத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இவ்வளவு நீண்ட அவகாசம் கொடுக்கிற புற்றுநோய் அபூர்வம். ஒருத்தி பள்ளியில் சேர்ந்து, படித்து, டிகிரி வாங்கி வெளியே வருகிற காலம் அது. அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். அப்படியும் 2022-ம் ஆண்டுக்கான சர்வதேசக் கணக்கின்படி, நம் நாட்டில் அந்த ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

இனி அந்தக் காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, சத்திரப்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவர். ராஜபாளையத்துக்காரர்களுக்குத் தெரியும், சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் தறியில் ஓடுவது ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி. மதினி அந்தத் துணியை வெட்டிச் சுருட்டி பாக்கெட் போடும் வேலை பார்த்தார். பதினாறு வயதில் கல்யாணம், நாலு பிள்ளைகள். மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆன பிறகு திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. "உடம்புச் சூடு" என்று வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடித்திருக்கிறார். இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்திருக்கிறார். வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பேண்டேஜ் சுருட்டியவர், தன் ரத்தத்துக்குப் பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறார்.

தெரிய வந்தபோது நோய் பக்கத்து உறுப்புகளுக்கும் பரவிவிட்டது. மதுரையில் கரண்ட் வைத்தார்கள். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வர அவரால் முடியவில்லை, மதுரையிலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க வைத்தோம். 2009-ல் இறந்துபோனார். வயது 56. "ஏன் மதினி முதல்லயே சொல்லல?" என்று கேட்டபோது அவர் சொன்னது: "இதப் போயி யார்ட்டச் சொல்றது?"

யாரிடம் சொல்வது என்று தெரியாததால் நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று உங்கள் அம்மாக்களிடம் கேட்டுப்பாருங்கள். "வயித்துல கட்டி", "கர்ப்பப்பையில புண்ணு" என்று வேறு வேறு பேர் சொல்வார்கள்.

அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது ஆச்சரியமான ஒன்று தெரிந்தது. இந்த நோயைத் தடுப்பது எப்படி என்று உலகத்துக்குச் சொன்ன முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்திருக்கிறது.

2000-ம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு அது. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியும், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் மருத்துவமனையும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து செய்தார்கள். டாக்டர் ஆர். சங்கரநாராயணன் அதில் முக்கியமானவர். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். பெரிய மிஷின் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ்கள், ஒரு விளக்கு, கொஞ்சம் அசிட்டிக் அமிலம். கடையில் விற்கும் வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். அதைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அந்த நர்ஸ்களே செய்தார்கள்.

2007-ல் முடிவு வெளிவந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்த நோய் 25 சதவீதமும் இதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையின் பலன் அது.

அதே திண்டுக்கல் பகுதியில் சுமார் 1,900 மணமான பெண்களிடம் இந்த வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்தார்கள். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இருந்தது. மேல்நாடுகளில் இளம் வயதில் அதிகமாக இருந்து வயது ஏற ஏறக் குறையும். இங்கே அப்படிக் குறையவில்லை, எல்லா வயதிலும் ஒரே மாதிரி இருந்தது. "எனக்கு வயசாச்சு, இனி எனக்கென்ன" என்று சொல்லும் அக்காமார்கள் இதைக் கவனிக்கவும்.

இதையெல்லாம் பார்த்துத்தான் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முதலில் முயன்று பார்த்து, 2012 முதல் எல்லா மாவட்டங்களுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்.

ஆனால் போகிறோமா? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்தியா முழுவதும் சேர்த்தால் 1.9 சதவீதம். மாநிலங்களில் நாம்தான் முதலிடம். நூற்றுக்குப் பத்து மார்க் கூட வாங்காமல் வகுப்பில் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்த பிள்ளையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

பயமாக இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது என்பீர்கள். நான் போன கதையைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 52 வயது. மேஜையில் படுக்கச் சொல்லி, போர்வையை மூடிவிட்டு நர்ஸம்மா வந்தாள். முகத்தைப் பார்த்தவள், "டீச்சர், என்னைத் தெரியலையா? அஞ்சாப்பு உங்ககிட்டதான் படிச்சேன்" என்றாள். என் நிலைமையை யோசித்துப்பாருங்கள்! எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அவள்தான், "மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்க டீச்சர். காலைத் தளர்த்துங்க. அஞ்சு நிமிஷம்தான்" என்றாள். காலைப் பிரேயரில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தது நான், இப்போது அவள் எனக்குச் சொல்கிறாள். கொஞ்சம் அசௌகரியமாக இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. ஊசி போட்டுக்கொள்வதைவிடக் குறைவு.

மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் உள்பக்கம் போய்விடுவதால் வினிகர் முறையில் சரியாகத் தெரியாதாம். அதனால் டாக்டர் பாப் ஸ்மியர் எடுக்கச் சொன்னார். செல்களைச் சிறு பிரஷ்ஷால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. முடிவு வரப் பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் மதினி முகம்தான் கண் முன்னால் நின்றது. ஒன்றுமில்லை என்று வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டு, "நீயும் போய்ட்டு வா" என்றேன். போனாள். அவளுக்கு வெள்ளையாக ஒரு இடம் தெரிந்தது. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய மாற்றம். ஒரே நாளில் உறைய வைத்துச் சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று பேரனைத் தூக்கிக்கொண்டு ஆண்டாள் கோயிலைச் சுற்றுகிறாள். இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "நல்லா எழுதுக்கா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

மதினிக்கும் என் தங்கைக்கும் ஒரே பேருள்ள வியாதிதான். ஒருத்தர் கடைசி வருஷத்தில் போனார். இன்னொருத்தி இடையிலேயே போனாள்.

இனி ஊசிக்கு வருவோம்.

பிள்ளை பிறக்காது என்பது சுத்தப் பொய். 2006-லிருந்து உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் 2007-லேயே கொடுக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியாவில் அந்தப் பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். 2035-க்குள் அந்த நாட்டில் இந்த நோய் லட்சத்தில் நாலு பேருக்கும் கீழே குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2024-ல் கணக்கு வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக் கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை.

அந்த ஆடியோவில் "ஆந்திராவில் ஊசி போட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள்" என்று வருகிறது. நடந்ததைச் சொல்கிறேன். 2009-10-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சோதனைத் திட்டமாக இந்த ஊசி போடப்பட்டது. அதில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள், திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா போன்ற காரணங்கள் தெரியவந்தன. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். ஆனால் அங்கே ஒரு தப்பு நடந்தது உண்மை. பெற்றோர் போட வேண்டிய சம்மதக் கையெழுத்தைப் பல இடங்களில் விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குழு 2013-ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஒரு ஆசிரியராகச் சொல்கிறேன், கண்டித்தது நியாயம். பெற்றவளிடம் விளக்கிச் சொல்லாமல் பிள்ளை கையில் ஊசி ஏறக்கூடாது. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்மதப் படிவத்தைப் பையில் வைத்து அனுப்பினால் போதாது, அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.

அப்போது நம் நாட்டில் நடந்துகொண்டிருந்த இன்னொரு ஆய்வும் பாதியில் நின்றது. மூன்று டோஸ் போட வேண்டிய பெண்கள் பலர் ஒரு டோஸோடு நின்றுவிட்டார்கள். அவர்களை விட்டுவிடாமல் பத்து வருஷம் கவனித்தார்கள். 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை ஒரே டோஸ் ஏறத்தாழ 95 சதவீதம் தடுத்திருந்தது. ஒரு டோஸே போதும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு நம் நாட்டுப் பெண்களின் இந்தக் கணக்கும் ஒரு ஆதாரம்.

புனேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவேக்' தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. தனியாரிடம் ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில் வந்தது. மில் வேலைக்குப் போகும் தாய்க்கு அது சின்னத் தொகை இல்லை. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட, 2025 மார்ச் மாதத் தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். சிக்கிம் 2018-லேயே பள்ளிகள் மூலம் போட்டுக் காட்டிய மாநிலம். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்கிற இடத்துக்குத்தான் சீக்கிரம் வரும்.

இப்போது வகுப்புவாரியாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. 9 முதல் 14 வயது வரை உள்ள உங்கள் மகள்கள்: ஊசிக்குச் சரியான வயது இதுதான். வைரஸ் வருவதற்கு முன்னால் போட வேண்டும். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்பவர்களிடம், போலியோ சொட்டு மருந்தையும் நோய் வந்த பிறகா கொடுத்தோம் என்று கேளுங்கள்.

2. என்னிடம் கடைசியாகப் படித்த பிள்ளைகள், இப்போது 17, 18-லிருந்து 26 வரை: டாக்டரிடம் கேட்டு நீங்களும் போட்டுக்கொள்ளலாம். எத்தனை டோஸ் என்று அவர் சொல்வார்.

3. 30 முதல் 50 வரை: என் மாணவிகளில் பெரும்பாலோர் நீங்கள்தான். நீங்கள் சிறுமியாக இருந்தபோது இந்த ஊசி இல்லை, அல்லது நம் ஊருக்கு வரவில்லை. ஊசி உங்களைத் தாண்டிப் போய்விட்டது. உங்களுக்கு மிச்சமிருப்பது பரிசோதனை மட்டும்தான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது செய்துகொள்ளுங்கள். வசதி இருந்தால் ஹெச்.பி.வி. டெஸ்ட் இன்னும் துல்லியமானது. அதற்கான மாதிரியைப் பெண்களே எடுத்துக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் உண்டு.

4. அதற்கு மேல் உள்ள அக்கா, அத்தை, பெரியம்மாக்கள்: நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டால், உறவுக்குப் பின் ரத்தம் பட்டால், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால், அடுத்த நாளே டாக்டர். வெந்தயம் பிறகு.

ஊசி போட்டவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. டெஸ்டில் ஏதாவது தெரிந்தால் மனைவியைச் சந்தேகமாகப் பார்க்காதீர்கள். இந்தத் தொற்று பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆண்களிடமும் இது இருக்கும், ஆண்களுக்குத் தொண்டைப் புற்றுநோயும் இதனால் வரலாம். உங்களால் முடிந்தது, ஒருநாள் லீவு போட்டு அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போய் வெளியே உட்கார்ந்திருப்பது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு நீங்கள் கொடுங்கள்.

பெண்களே, தனியாகப் போகத் தயக்கம் என்றால் சேர்ந்து போங்கள். ஆடிப்பூரத் தேர் பார்க்க எட்டுப் பேர் ஆட்டோ பிடித்துப் போகிறோம் இல்லையா, அதே மாதிரி. ராஜபாளையத்தில் இருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நாளைச் சொன்னால் நானும் கூட வருகிறேன். வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் கைப்பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

போய்வந்தவர்கள் கமெண்டில் விவரம் எதுவும் எழுத வேண்டாம். "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு வரி போடுங்கள், எனக்குப் புரிந்துவிடும். வராதவர்கள் பேரை நான் குறித்துவைப்பேன், பழைய பழக்கம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்